பழஞ்சீலையில் தைத்த பிள்ளைச் சட்டை

எங்கட ஊரில் பிள்ளை பிறக்க முதல் புது உடுப்பு வாங்கி வைக்கமாட்டார்கள். பிறந்த பிறகும் முதல் ஒரு மாதத்துக்குப் பழஞ்சீலைதான். தோய்த்துத் தோய்த்து நைந்துபோன நாலுமுழ வேட்டி, அம்மம்மா உடுத்துக் கழித்த நூல்சீலை, இதுகளைக் கிழித்துத்தான் சின்னச் சின்னச் சட்டை தைப்பார்கள். மிச்சம் அரைத்துணிக்குப் போகும். புதுத்துணியில் கஞ்சி இருக்கும், பிள்ளையின்ர தோலுக்கு ஆகாது என்று அம்மா சொல்லுவா. தைக்கும்போது தையல் மடிப்பை வெளிப்பக்கம் விடுவா. உள்ளே விட்டால் பிள்ளைக்கு உரஞ்சுமாம்.

இது எங்கட ஆக்களின்ர பழக்கம் என்றுதான் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு மாறினது லண்டனில், 2010 ஆம் ஆண்டு மாரியில். அப்போது ரசல் ஸ்குவயர் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுக்கு அடுப்பு மூட்டுமட்டும் இரண்டு மணித்தியாலம் ஓய்வு. வீட்டுக்குப் போய்வர நேரம் காணாது. கிட்டடியில் கோரம்ஸ் பீல்ட்ஸ் என்றொரு சிறுவர் பூங்கா இருக்கிறது. பிள்ளையோடு வந்தால்தான் பெரியாட்களை உள்ளே விடுவார்கள். நான் தனிக்கட்டை. மழைக்கு ஒதுங்க, அதற்குப் பின்பக்கம் இருக்கிற பவுண்ட்லிங் மியூசியத்துக்குள் போனேன். அன்றைக்கு அங்கே துணித்துண்டுகளின் கண்காட்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது.

அந்த இடத்தில் முன்னர் பவுண்ட்லிங் ஹொஸ்பிற்றல் இருந்தது. பெயரில்தான் ஹொஸ்பிற்றல், உண்மையில் பிள்ளைகள் இல்லம். தோமஸ் கோரம் என்ற கப்பல்காரர் லண்டன் தெருக்களில் பச்சைப் பிள்ளைகள் கிடந்து சாவதைப் பார்த்துவிட்டு, பதினேழு வருசம் பெரிய இடங்களின் படியேறி, 1739 இல் அரச பட்டயம் வாங்கினார். 1741 மார்ச்சில் முதல் பிள்ளைகளை எடுத்தார்கள். வந்த தாய்மார் எக்கச்சக்கம். அதனால் 1742 இலிருந்து பையொன்றுக்குள் பந்துகளைப் போட்டு எடுக்கச் சொன்னார்கள். வெள்ளைப் பந்து வந்தால் பிள்ளையை எடுப்பார்கள், கறுப்பு என்றால் திரும்பிப் போகவேண்டும், சிவப்பு என்றால் காத்திருக்கவேண்டும். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு பைக்குள் கைவிடுகிற அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள்.

எடுத்த பிள்ளைக்கு வேறு பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுப்பார்கள். ஒரு இலக்கம் கொடுத்து, ஈயத்தகடு ஒன்றைக் கழுத்தில் கட்டி, நாட்டுப்புறத்தில் பாலூட்ட ஒரு பெண்ணிடம் அனுப்புவார்கள். தாய் ஒருநாள் திரும்பி வந்து கேட்டால் எது அவளுடைய பிள்ளை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காக அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. தொப்பி, சட்டை, கைகள், வயிற்றுக்கட்டு, அரைத்துணி, காலுறை என்று வரிசையாகப் போட்டிருக்கும். பிள்ளை எதை எதைப் போட்டு வந்ததோ அதற்கு எதிரே நிறமும் தினுசும் எழுதுவார் கிளாக்கர். எழுத்து மட்டும் காணாது என்று பிள்ளையின் உடுப்பிலேயே ஒரு துண்டு வெட்டி, ஊசியால் தாளோடு குத்தி, மடித்து முத்திரை வைத்துவிடுவார்கள்.

இப்படி 5000 இற்கும் மேற்பட்ட துண்டுகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டுச் சாதாரண சனம் உடுத்த துணி இந்தளவுக்குப் பிரித்தானியாவில் வேறெங்கும் மிஞ்சவில்லை. சீமாட்டிகளின்ர பட்டுச் சட்டைகள் எல்லா மியூசியத்திலும் தொங்குகின்றன. ஏழைகளின்ர துணி மிஞ்சாது. அது சட்டையாகி, பிள்ளைச் சட்டையாகி, பிறகு அரைத்துணியாகி, கடைசியில் கந்தலாகிப் போய்விடும்.

இந்தத் துண்டுகளை ஆராய்ந்து அந்தக் கண்காட்சியை வைத்த ஜோன் ஸ்ரைல்ஸ் என்ற வரலாற்றாசிரியர் ஒரு விசயத்தைச் சுட்டிக்காட்டுகிறார். பிள்ளை உடுப்பிலிருந்து வெட்டிய துண்டென்றாலும் அநேகமானவை முதலில் பெரியாட்களின் உடுப்பாக இருந்த துணிகள். அதனால்தான் அந்தத் தாள்களைப் பார்த்துப் பெண்கள் என்ன உடுத்தார்கள் என்று சொல்ல முடிகிறது. பெண்களின் நீளச் சட்டையில் துணி கன யார் போகும். கமக்கட்டும் கீழ்க்கரையும்தான் முதலில் தேயும், மடிப்புக்குள் இருக்கிற துணி நல்லாக இருக்கும். அந்தப் பகுதியில் ஒரு கைச்சாண் துணி போதும், பிள்ளைக்கு இரண்டு கைகள் தைக்கலாம். அந்தக் காலத்துப் பிள்ளை உடுப்பில் கைகள் தனியான உருப்படி. வெளியில் தெரிகிற பாகம் என்பதால், இருக்கிறதில் வடிவான துணியைத் தாய்மார் அதற்குத்தான் எடுப்பார்கள். உடம்போடு ஒட்டுகிற உள்சட்டைக்கு நைந்த லினன். எங்கட வேட்டித் துண்டின்ர கணக்குத்தான்.

கண்ணாடிக்கு உள்ளே பூ, பறவை, வண்ணத்துப்பூச்சி என்று அச்சடித்த துண்டுகள். இருநூற்றைம்பது வருசம் வெளிச்சம் படாமல் மடித்துக் கிடந்ததால் சாயம் மங்கவில்லை. அந்தப் பூக்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பிறகு வாசித்தபோதுதான் விளங்கியது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த சீத்தைத் துணிக்கு லண்டனில் அப்படியொரு மோகம். இங்கத்தைய நெசவாளர் தங்கள் பிழைப்புப் போகுது என்று 1719 இல் கலகம் செய்தார்கள். தெருவில் போன பெண்களின் சீத்தைச் சட்டையைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள். 1721 இல், அச்சடித்த பருத்தித் துணி உடுக்கவே கூடாது என்று சட்டம் வந்தது. அது 1774 வரை இருந்தது. ஆசை சட்டத்துக்கு அடங்குமா? லண்டன் அச்சுக்காரர் அதே பூக்களை லினனில் அடித்தார்கள், 1736 இல் அனுமதி கிடைத்த பிறகு லினனும் பருத்தியும் கலந்த துணியிலும் அடித்தார்கள். அசல் துணியின் சிவப்புக்குச் சாயவேர் வேணும். நல்ல சாயவேர் யாழ்ப்பாணத்து, மன்னார் மணலில் கிண்டினது. ஒல்லாந்தர் அதைத் தங்கட தனியுரிமையாக வைத்திருந்தார்கள். எங்கட மண்ணில் வேர் கிண்டின சனத்தின்ர சிவப்பைப் பார்த்து அடித்த சிவப்பு, லண்டன் ஏழைப் பிள்ளையின்ர கையில் சட்டையாக இருந்திருக்கிறது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. கிண்டினவர்களுக்கும் கூலியைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

1756 இல் பாராளுமன்றம் காசு கொடுத்து, வருகிற பிள்ளைகள் எல்லாரையும் எடுக்கச் சொன்னது. 1760 வரைக்கும் ஏறத்தாழ 15,000 பிள்ளைகள் வந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு செத்துப்போனது. 1741 முதல் 1760 வரை எடுத்த 16,282 பிள்ளைகளில் தாய் தகப்பன் திரும்பி வந்து மீட்டது 152 பேரைத்தான். மற்றத் தாள்களைப் பிரித்துப் பார்க்க யாரும் வரவில்லை.

பிற்காலத்தில் வந்த ஒரு தாயின் பெயர் மட்டும் எனக்கு மறக்காது. சாரா பெண்டர். 1767 பெப்ரவரி 11 ஆம் திகதி சாள்ஸ் என்ற மகனைக் கொண்டுவந்து விட்டாள். பலவிதத் துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டு, அதில் நூலால் ஒரு இதயம் தைத்து, நடுவால் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கொடுத்து மற்றப் பாதியைத் தன்னோடு கொண்டுபோனாள். அங்கே அவனுக்கு வைத்த பெயர் பெஞ்சமின் ருவேர்ள். 1775 ஜூன் 10 ஆம் திகதி அவள் தன் பாதியோடு திரும்பி வந்தாள். மகன் உயிரோடு இருந்தான், கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று வேலைக்குப் பத்து நிமிசம் பிந்திப் போய்ப் பேச்சு வாங்கினேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது அக்காவின் பிள்ளைக்குப் பதினெட்டு நாள். தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு வர ஏலாது, வீட்டிலேயே விட்டாச்சு. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்து, அம்மா தான் மாற்றுக்குக் கொண்டுவந்த ஒரேயொரு சீலையில் முந்தானையைக் கிழித்துக் கைத்தையலில் மூன்று சட்டை தைத்தா. பல்லால் நூலைக் கடித்தது நினைவிருக்கிறது. அடுத்த வருசம் திரும்பிப் போனபோது மெசின் இல்லை. பிள்ளை வளர, சட்டைகள் லாம்புச் சிமினி துடைக்கிற துணியாகிப் போய்ச்சுது.

போன கிழமை ரெலிபோனில் கேட்டேன், அது என்ன நிறச் சீலை என்று. "மஞ்சளில பச்சைக் கரை போட்டது" எண்டா அம்மா. அக்கா கனடாவில் இருக்கிறா. அவவைக் கேட்டால், "உனக்கென்ன விசரே, அது நீலச் சீலையெல்லோ" எண்டுறா. எனக்கு அம்மா பல்லால் நூல் கடித்தது மட்டும்தான் தெரியுது, சீலையின்ர நிறம் வருகுதில்லை.