போர்த் திரைப்படங்களின்வழி உலக வரலாறு கற்றல்: ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படமும் சயாம் மரண ரயில்பாதையும்

ஆய்வுச்சுருக்கம்

உலக வரலாற்றைக் கற்பிக்கப் போர்த் திரைப்படங்களைப் பயன்படுத்துவோர், திரையில் காட்டப்பட்டவை உண்மைதானா எனச் சரிபார்ப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். திரையில் இடம்பெறாத மக்களைக் கண்டறிய அம்முறை உதவுவதில்லை. 1957இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தைச் சயாம்-பர்மா ரயில்பாதையின் வரலாற்றோடு ஒப்பிட்டு இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: போர்த் திரைப்படம், இரண்டாம் உலகப்போர், சயாம் மரண ரயில், மலாயாத் தமிழர், வரலாற்றுக் கல்வி

முன்னுரை

இரண்டாம் உலகப்போரின் ஆசியக் களம் குறித்துப் பொதுவான வாசிப்பில் எஞ்சுவன சில பெயர்களே: பேர்ல் துறைமுகம், சிங்கப்பூரின் வீழ்ச்சி, ஹிரோஷிமா. இடைப்பட்ட ஆண்டுகளைப் பலர் திரைப்படங்களைக் கொண்டே நிரப்பிக்கொள்கின்றனர். இதனைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. மழைக்காலக் காட்டில் பசித்த மனிதன் மண் சுமப்பது எத்தகையது என்பதைப் புள்ளிவிவரத்தைவிடக் காட்சி விரைவில் உணர்த்தும். படத்தை எவ்வாறு கேள்விக்குட்படுத்துவது என்பதே சிக்கல். பிழைப்பட்டியல் தயாரிப்பது எளிய வழி. அதன் பயனும் போதாமையும் டேவிட் லீன் இயக்கிய இவ்வொரு படத்திலேயே காணக்கிடைக்கின்றன.

படமும் அதன் பிழைகளும்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவைக் கைப்பற்றிய ஜப்பானியப் படைக்கு வேண்டிய பொருள்களை மலாக்கா நீரிணை வழியே அனுப்புவது ஆபத்தாக இருந்தமையால், தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை ஏறத்தாழ 415 கி.மீ. நீள ரயில்பாதை அமைக்கப்பட்டது. 1942இன் நடுப்பகுதியில் தொடங்கிய பணி 1943 அக்டோபரில் நிறைவுற்றது. இதில் ஈடுபடுத்தப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர். இறந்தோர் 12,000க்கும் மேற்பட்டோர்.

பியர் புல் 1952இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவலைத் தழுவிய படம், இக்கைதிகளில் ஒரு பிரிவினரின் கதையைச் சொல்கிறது. அதிகாரிகளும் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறார் முகாம் தலைவர் சைட்டோ. மறுக்கிறார் பிரித்தானியக் கர்னல் நிக்கல்சன். வென்றபின் அவரே எதிரிக்கான பாலத்தைத் தம் படையின் பெருமையாக எண்ணிக் கட்டி முடிக்கிறார். இறுதியில் பாலம் தகர்க்கப்படுகிறது. படம் 7 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது.

பிழைகள் பல. தாமர்கான் முகாமில் கைதிகளின் தலைவராக இருந்த பிலிப் டூசி, நிக்கல்சனைப் போன்றவர் அல்லர். அவருடைய ஆட்கள் கறையான்களைச் சேகரித்து மரத்தாங்கிகளில் விட்டதாக நினைவுக்குறிப்புகள் கூறுகின்றன. பாலங்களைத் தகர்த்தது அதிரடிப் படையின் வெடி அன்று. நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சு. பாலம் கட்டத் தெரியாதவர்களாக ஜப்பானியர் சித்திரிக்கப்படுவதும் பொருந்தாது. பாதையைத் திட்டமிட்டு அமைத்தவர்கள் அவர்தம் பொறியாளர்களே. பாலம் குறுக்கிட்ட ஆறுகூட மே குளோங். படத்தைக் கண்டு வந்த பயணிகள் ‘குவாய்’ நதியைத் தேடியதால், 1960இல் அவ்வாற்றின் மேற்பகுதிக்குக் குவே யாய் எனப் பெயர் மாற்றப்பட்டது. வரலாறு திரைப்படத்தைத் திருத்துவதற்குப் பதிலாகத் திரைப்படம் நிலவியலையே திருத்திய வேடிக்கை இது.

இப்பட்டியலை மாணவர் ஒரு மாலைப்பொழுதில் தயாரித்துவிடலாம். ஆனால் இதில் உள்ள ஒவ்வொன்றும் திரையில் தோன்றும் ஒன்றைப் பற்றியது. திரையில் தோன்றாததைப் பற்றி இப்பட்டியல் வாய்திறப்பதில்லை.

திரைக்கு வெளியே நின்றவர்கள்

அப்பாதையில் உழைத்தோரில் பெரும்பாலோர் போர்க்கைதிகள் அல்லர். ரோமுஷா என ஜப்பானியர் அழைத்த ஆசியத் தொழிலாளர் 1,80,000 முதல் 2,50,000 வரை இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர், சீனர் ஆகியோருடன், மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரும் இவர்களுள் அடங்குவர். மலாயாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 75,000 பேர் சென்றனர் என்றும், அவர்களில் தமிழரே மிகுதி என்றும் கணிக்கப்படுகிறது. ஆசியத் தொழிலாளரில் இறந்தோர் தொகை 90,000 அளவில் மதிப்பிடப்படுகிறது. சரியான எண்ணிக்கை கிடைக்காமைக்குக் காரணம் உண்டு. போர்க்கைதிகளுக்குப் படைப்பிரிவும் பெயர்ப்பட்டியலும் இருந்தன. தோட்டத் தொழிலாளரைப் பெயர்சொல்லிக் கணக்கெடுக்க எவரும் இல்லை.

போரினால் ரப்பர் ஏற்றுமதி முடங்கிய காலம் அது. வேலையிழந்த குடும்பங்களிடம் நாளுக்கு ஒரு வெள்ளிக் கூலி, சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்ற வாக்குறுதிகள் அளிக்கப்பட்டன. ஆள் போதாதபோது வற்புறுத்தல் தொடங்கியது. இலவசத் திரைப்படக் காட்சி என அறிவித்து, அரங்கு நிறைந்ததும் கதவுகளைப் பூட்டி, உடல்வலுவுள்ள ஆண்களை நேரே ரயிலேற்றியதும் ஆள்பிடிக்கும் முறைகளில் ஒன்றாக இப்பாதை பற்றிய நூல்களில் பதிவாகியுள்ளது. திரைப்படத்தின்வழி வரலாறு கற்பது குறித்துப் பேசும் எவரும் இச்செய்தியை எளிதில் கடந்து செல்ல இயலாது.

1943 மழைக்காலத்தில் பணி முடுக்கிவிடப்பட்டபோது காலரா பரவியது. போர்க்கைதி முகாம்களில், மருந்து இல்லாவிடினும், எட்வர்ட் டன்லப் போன்ற படை மருத்துவர்கள் இருந்தனர். நீரைக் கொதிக்கவைக்கும் கட்டுப்பாடு இருந்தது. தொழிலாளர் முகாம்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் இல்லை. சாவு விகிதத்தில் உள்ள வேறுபாட்டிற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம். இன்று காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகளின் கல்லறைகள் வரிசையாகப் பராமரிக்கப்படுகின்றன. தொழிலாளருக்கு அத்தகைய தனிக் கல்லறைகள் இல்லை.

ஜெனீவா விதிநூல் காட்சி

படத்தின் தொடக்கத்தில் நிக்கல்சன் ஜெனீவா உடன்படிக்கை நூலை எடுத்துக்காட்டுகிறார். சைட்டோ அதனாலேயே அவர் முகத்தில் அறைகிறார். 1929ஆம் ஆண்டின் அவ்வுடன்படிக்கை, அதிகாரிகளைக் கட்டாய வேலையிலிருந்து விலக்குகிறது. ஜப்பான் அதில் கையொப்பமிட்டதேயன்றி ஏற்புறுதி செய்யவில்லை. வழக்கமான சரிபார்ப்பு இத்தகவலோடு நின்றுவிடும். கேட்கவேண்டிய கேள்வி வேறு: இந்நூல் யாருக்காக எழுதப்பட்டது? சீருடை அணிந்த கைதிக்காக. பேராக்கிலிருந்தோ சிலாங்கூரிலிருந்தோ மனைவி மக்களோடு ரயிலேற்றப்பட்ட பால்வெட்டுத் தொழிலாளியிடம் எடுத்துக்காட்டுவதற்கு எந்த நூலும் இல்லை. படத்தின் முதன்மை முரண் முழுவதும் உரிமை உடையோரிடையே நிகழும் பூசல். அப்பூசலைக் கதையின் மையமாக்கியபோதே, உரிமை ஏதுமற்ற பெரும்பான்மையினர் கதைக்கு வெளியே தள்ளப்பட்டனர்.

ஆசியர் எவரும் படத்தில் இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. அதிரடிப் படைக்கு வழிகாட்டும் சயாமியரும் சுமைதூக்கும் பெண்களும் வருகின்றனர். ஆனால் ரயில்பாதைத் தொழிலாளராக அவர்கள் வரவில்லை. படைக்கடமை அறிவீனமாக மாறுவதே லீனின் பொருள், அதில் தொழிலாளருக்கு இடமில்லை என வாதிடலாம். கலைக்கு அவ்வாதம் போதுமானது; வரலாற்று வகுப்புக்குப் போதாது. மேலும் மூலநாவலாசிரியர் புல், போருக்கு முன் மலாயா ரப்பர்த் தோட்டத்தில் பொறியாளராகப் பணிபுரிந்தவர். தோட்ட வாழ்வைப் பற்றி 1951இல் ஒரு நாவலும் வெளியிட்டவர். எனவே அறியாமை இதற்குக் காரணமன்று.

படம் லண்டனில் வெளியானது 1957 அக்டோபரில்; மலாயா விடுதலை பெற்றது அதே ஆண்டு ஆகஸ்ட் 31இல். முந்தைய ஆண்டில் சூயஸ் நெருக்கடி பிரித்தானியாவின் உலகச் செல்வாக்கை உலுக்கியிருந்தது. பயனற்ற பெருமையில் மூழ்கிய ஒரு பிரித்தானிய அதிகாரியைக் கண்டு அந்நாட்டு மக்களே கைதட்டியதை இப்பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். அவ்வகையில் இப்படம் 1943ஐவிட 1957க்கே சிறந்த சான்றாகும். படப்பிடிப்பு நிகழ்ந்தது இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றின்மீது. அங்கும் பாலத்தைக் கட்டியவர்கள் யானைகளின் துணைகொண்ட உள்ளூர்த் தொழிலாளரே.

வகுப்பறைக்கான துணைச்சான்றுகள்

பிற்காலப் படம் ஒன்றைக் காட்டி இவ்விடைவெளியை நிரப்பிவிட முடியாது. எரிக் லோமாக்ஸின் 1995ஆம் ஆண்டு நினைவுநூலைத் தழுவிய ‘தி ரயில்வே மேன்’ (2013) சித்திரவதையை மறைக்காமல் காட்டுகிறது. ஆயினும் அதன் மையம் ஒரு கைதிக்கும் ஒரு ஜப்பானிய மொழிபெயர்ப்பாளருக்கும் இடைப்பட்ட உறவே. மாற்றுச் சான்றுகள் தமிழில் உள்ளன. மலேசிய எழுத்தாளர்களான ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் தோட்டத்திலிருந்து தொடங்கும் கதைகள். இவையும் புனைவுகளே, படத்துக்குப் பொருந்தும் ஐயம் இவற்றுக்கும் பொருந்தும். எனினும் புனைவைப் புனைவோடு நிறுத்திப் பார்க்கும்போது, கதை எங்கிருந்து தொடங்குகிறது என்பதே ஒரு வரலாற்று முடிவு என்பது மாணவருக்குப் புலப்படும். லீனின் படம் முகாம் வாயிலை ஒட்டியும், இந்நாவல்கள் ரப்பர் மர நிரைகளிலும் தொடங்குகின்றன.

பெரும்பாலும் படத்தைக் காட்டிய பின்னரே துணைநூல் தரப்படுகிறது. அதற்குள் மாணவர் மனத்தில் சீழ்க்கை ஒலியும் நிக்கல்சனின் நிமிர்ந்த நடையும் பதிந்துவிடும். பின்வரும் எதுவும் அடிக்குறிப்பாகவே நிற்கும். இவ்வரிசையை மாற்றி, ஒரு தோட்டத்திலிருந்து ஆள் எடுக்கப்பட்ட கதையை முதலில் படித்துவிட்டுப் படத்துக்கு வருவது நல்லது.