குறி சொல்ல வந்தவள்

தென்காசியை அடுத்துக் குற்றாலத்திற்கு அண்மையில் உள்ள சிற்றூர் மேலகரம். திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நூலுக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் வழங்கிய நிலம் 'குறவஞ்சிமேடு' எனப் பெயர் பெற்றது.

உலா வந்த குற்றாலநாதரைக் கண்டு காதலுற்ற வசந்தவல்லி நிலவைப் பழித்து நொந்திருக்கிறாள். தோழி தூது செல்கிறாள். அப்போது தெருவில் வருகிறாள் சிங்கி. அவள் அவ்வீட்டுக்கு உறவினளல்லள், முன்பின் அறிந்தவளுமல்லள். மலைவளம் கூறி, கையைப் பற்றிப் பார்த்து, நெஞ்சில் இருப்பவர் இன்னார் என உரைத்துத் தேற்றுகிறாள். துயருற்றவளிடம் நம்பிக்கை மொழியை மலையிலிருந்து இறங்கிவந்த அயலாள் ஒருத்தி கூறுவதே குறவஞ்சியின் உயிர்நிலை. பந்தடியும் பவனியும் அதற்குப் பின்னரே மதிக்கத்தக்கவை.

இவ்வமைப்பு கிறித்தவ இலக்கியத்துட் புகுந்த வரலாற்றை அறியப் பாளையங்கோட்டைக்குச் செல்லவேண்டும். 1778ஆம் ஆண்டில் அங்கு வந்த ஜெர்மானியப் போதகர் சுவார்ட்ஸ் ஐயரிடம் கிளாரிந்தா என்னும் பெண் ஞானஸ்நானம் பெற்றார். தஞ்சை மராத்தியப் பிராமணக் குலத்து இளம் விதவையான அவர், லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியின் பாதுகாப்பில் வாழ்ந்து, கிறித்தவப் போதனையை அவரிடமே கேட்டறிந்தவர். மணமின்றி உடன்வாழ்ந்தமையைக் காரணங்காட்டி முன்னர் அவருக்கு ஞானஸ்நானம் மறுத்தவரும் சுவார்ட்ஸே. அதிகாரி இறந்தபின், பிறந்த ஊரும் குலமும் அற்றுத் தனித்து நின்ற நிலையிற்றான் அது கிடைத்தது. தாம் பெற்ற ஆறுதலை அவர் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் உள்ள நாற்பது பெயர்களுள் முதற்பெயர் அவருடையது. அவர் முயற்சியால் எழுந்த ஆலயத்தை 1785இல் சுவார்ட்ஸ் பிரதிட்டை செய்தார். மக்கள் அதனைப் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றே வழங்கினர்.

அக்காலத்திலேயே நெல்லைச் சிறுவன் ஒருவனைச் சுவார்ட்ஸ் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். 1774இல் பிறந்த வேதநாயகம் அவன். பின்னாளில் வேதநாயக சாஸ்திரியார். தஞ்சைப் பெண்ணொருத்தி நெல்லையில் அயலாளாய் நின்று கட்டிய சபைக்கு வந்தவர், நெல்லைச் சிறுவனைத் தஞ்சைக்கு அயலானாய் அழைத்துச் சென்றமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அங்குச் சுவார்ட்ஸின் வளர்ப்பில் இளவரசர் சரபோஜியும் இருந்தார்.

1800இல் சாஸ்திரியார் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி, குற்றாலக் குறவஞ்சியின் அடியொற்றியது. தலைவர் இயேசு பெருமான். அவரை எண்ணி ஏங்கும் தலைவி தேவமோகினி, திருச்சபையின் உருவம். குறி சொல்ல வரும் ஞானச் சிங்கியோ விசுவாசமே. சிங்கன் பறவை பிடிப்பது ஆன்மாக்களைச் சேர்க்கும் போதகர் பணியாக மாறுகிறது. மேலைநாட்டு வானியலும் பூகோளமும் நூலில் இடம்பெறுகின்றன. தஞ்சையில் கற்றதனைத்தையும் புலவர் பாட்டில் ஏற்ற முயன்றார் போலும். ஆயினும் ஆறுதல் மொழியைச் சொல்லும் உரிமையைப் போதகருக்கோ தலைவிக்கோ தராமல், குலவரிசையின் விளிம்பில் வைக்கப்பட்ட மலைக்குறத்திக்கே விட்டுவைத்தார். இலக்கண மரபு அதனையே வேண்டியது எனலாம். மரபே ஆயினும், அவளை விசுவாசம் எனப் பெயரிட்டது புலவரின் தெரிவு.

அத்தெரிவை வாழ்க்கை முழுதும் அவர் காத்தார் என்று கூற இயலாது. 1820களில் புதிதாக வந்த மிஷனரிமார் சபையில் சாதி வேற்றுமை கூடாது என்றனர். தமிழ்ப் பாட்டு முறைகளையும் கட்டுப்படுத்த முனைந்தனர். பாடல்களுக்காக அவர் வாதாடியது நியாயம். ஆனால் அதே மூச்சில் வேளாளரின் தனியிருக்கைக்கும் 'சாதியாசாரச் சம்பாவினை' எழுதி வாதாடினார். குறத்தியின் கையில் தம் தலைவியின் கையைக் கொடுத்தவர், ஆலயத்தில் அவளோடு ஒரே வரிசையில் அமர ஒப்பவில்லை. அவரைப் போற்றுவோர் இப்பகுதியை விரைந்து கடப்பதுண்டு. அது அவருக்குச் செய்யும் நன்மையன்று.

சபைப் பணியை இழந்து அவர் நின்றபோது ஆதரவு நீட்டியவர் கிறித்தவரல்லாத சரபோஜி மன்னர். மன்னர் 1832இல் மறைந்தார். சாஸ்திரியார் அதன்பின்னும் முப்பத்திரண்டு ஆண்டுகள் பாடிக்கொண்டிருந்து, 1864இல் தஞ்சையில் மறைந்தார்.