ஏழு நாள் நீந்தியவனுக்கு வந்த தெய்வம்

ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும் பௌர்ணமிக்கு மும்பையில் பல பெயர்கள். மாதுங்காவில் பூணூல் மாற்றும் நாள், ஆபீஸில் ராக்கி, கோலி மீனவர்களுக்கு நாரளி பௌர்ணிமா. மழைக்காலம் முழுக்கக் கரையில் கிடந்த படகுகளை இறக்கும் நேரம் அது. தங்கத்தாள் சுற்றிய தேங்காயைக் கடலுக்குக் கொடுத்து வருணனை வேண்டிக்கொள்வார்கள்.

போன வருஷம் மகளை மாஹிம் கோலிவாடாவுக்குக் கூட்டிப் போனேன். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், மராத்தி என்னைவிட நன்றாகப் பேசுவாள். எங்களுக்கு வழக்கமாக மீன் தரும் மாவ்ஷி அவள் கையிலும் ஒரு தேங்காயைக் கொடுத்தார். போட்டுவிட்டு வந்தவள் கேட்டாள்: "அப்பா, நம்ம ஊர்ல கடல் சாமி யாரு?"

"வருணன்தாம்மா. தொல்காப்பியத்திலேயே நெய்தலுக்கு வருணன்தான்" என்று சமாளித்தேன். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாக் கொம்பை நட்டுக் கும்பிட்டதாகப் பட்டினப்பாலை சொல்வதையும் சேர்த்துக்கொண்டேன்.

ரயிலில் வரும்போதுதான் உறைத்தது. கரையில் இருப்பவர்களுக்கு அது சரி. ஊரை விட்டுக் கடல் தாண்டிப் போகிறவர்களுக்கென்றே நம்மிடம் ஒருத்தி இருக்கிறாளே! மணிமேகலா தெய்வம்.

மணிமேகலை என்றால் நமக்கு மாதவியின் மகள்தான் நினைவுக்கு வருவாள். அவளுக்கு அந்தப் பெயர் வந்த கதை சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கோவலனின் முன்னோர் ஒருவர் போன கப்பல் நடுக்கடலில் உடைந்தது. கரை தெரியாமல் சில நாள் நீந்தினார். இந்திரன் ஏவலால் கடலைக் காக்கும் மணிமேகலா தெய்வம் வந்து அவரைக் கரை சேர்த்தது. அந்த நன்றிக்குத்தான் கோவலன் மகளுக்கு அந்தப் பெயரை வைத்தான்.

இதே தெய்வம் பௌத்த ஜாதகக் கதைகளிலும் வருகிறது. சுவர்ணபூமிக்குப் பொருள் தேடப் புறப்பட்ட மகாஜனகனின் கப்பல் மூழ்குகிறது. அவன் ஏழு நாள் நீந்துகிறான். தேவலோக சுகத்தில் வேலையை மறந்திருந்த தெய்வம் ஏழாம் நாள்தான் எட்டிப் பார்க்கிறது. "கரையே தெரியவில்லை, எதற்காக நீந்துகிறாய்?" என்று கேட்கிறது. என்னால் முடிந்தவரை முயல்வது என் கடமை என்கிற பொருளில் அவன் பதில் சொல்கிறான். அதற்குப் பிறகுதான் தூக்கிக்கொண்டு போய் மிதிலையில் விடுகிறது.

சில்வான் லெவி என்ற பிரெஞ்சு அறிஞர் 1930 வாக்கில் இவளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். வங்கக்கடலைச் சுற்றி வணிகர்கள் போன இடமெல்லாம் இவளும் போயிருக்கிறாள். தாய்லாந்தில் மின்னல் என்பது மேகலாவின் கையிலுள்ள மணியின் ஒளி. அவளைத் துரத்தும் ராமசூன் என்ற அசுரன் எறியும் கோடரியின் சத்தம்தான் இடி. தாய்லாந்து மன்னர் பூமிபோல் மகாஜனகன் கதையைத் தானே எழுதி 1996ல் வெளியிட்டார். கம்போடியாவில் அவள் மோனி மேகலா. மழை வேண்டி அரண்மனைக் கலைஞர்கள் அவள் நடனத்தை ஆடுவார்கள். 1975 முதல் 1979 வரை நடந்த போல் பாட் ஆட்சியில் அந்தக் கலைஞர்களில் பெரும்பாலோர் மாண்டுபோனார்கள். பிழைத்த சிலர் நினைவிலிருந்தே அசைவுகளை மீட்டு அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். 2003ல் அந்த அரச நடனத்தை யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக அறிவித்தது.

அவள் ஊரான புகாரில் என்ன ஆயிற்று? மணிமேகலைக் காப்பியம் சொல்வதைக் கேளுங்கள். சோழ மன்னனின் குழந்தை வந்த கப்பல் உடைந்து, குழந்தை காணாமல் போகிறது. அந்தத் துக்கத்தில் மன்னன் இந்திர விழாவை மறக்கிறான். மணிமேகலா தெய்வத்தின் சாபத்தாலும் இந்திரன் சாபத்தாலும் நகரம் கடலுக்குள் போகிறது. காப்பாற்றியவளே சபிக்கிறாள்! பிள்ளையைத் தொலைத்த அப்பனுக்கு விழா நினைவு வருமா என்று எனக்கு மன்னன் மேல் பரிதாபம்தான். ஆனாலும் அந்தக் கதை சொல்வது ஒன்றுதான். நினைவு போனால் ஊர் போகும். அந்தக் காப்பியமே கிட்டத்தட்ட மறந்துபோன நூல்தானே? உ.வே.சாமிநாதையர் ஏடுகளைத் தேடிப் பிடித்து 1898ல் பதிப்பித்ததால்தான் நமக்குக் கிடைத்தது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்குத் தாராவி வந்தவர்களும், டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டோடு மாதுங்காவில் இறங்கியவர்களும் கடல் தாண்டவில்லை. ரயிலில்தான் வந்தார்கள். ஆனால் கரை தெரியாமல் நீந்துவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். இங்கே வந்த முதல் வருஷம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. எந்தத் தெய்வமும் முதல் நாளே வரவில்லை.

அன்று ராத்திரி மகளிடம் முழுக் கதையையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஆறு நாள் அவ எங்கப்பா போனா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த பௌர்ணிமாவுக்கு இரண்டு தேங்காய் வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். ஒன்று வருணனுக்காம்.