வீட்டுப் பாடமும் கேட்கும் செவியும்

மாலையில் விளக்கேற்றிக் குடும்பமாய்ச் செபத்துக்கு அமர வேண்டிய வேளையில், நம் இல்லங்கள் பலவற்றில் வேறொரு காட்சி நடந்துகொண்டிருக்கிறது. "எழுதி முடித்தாயா? இன்னும் எத்தனை பக்கம்?" என்று தாய் கேட்பதும், பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பதும், இறுதியில் ஒருவர் குரலை உயர்த்த மற்றவர் கண்ணீர் விடுவதும் வழக்கமாகிவிட்டன. வீட்டுப் பாடம் முன்னாளில் நம்மிடையே என்ன வடிவில் இருந்தது என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்பது இன்றைய பெற்றோருக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

ரொபெர்த்தோ நெவிலிஸ் என்னும் இத்தாலிய ஆசிரியர்தாம் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. மாணவர்கள் அவரைச் சபிப்பதும் உண்டு. அப்படி ஒருவர் வாழ்ந்தார் என்பதற்கே சான்று கிடையாது. ஆகவே சாபம் யாரையும் சேரவில்லை. உண்மையான வரலாறு நமக்கு இன்னும் அருகில், முத்துக்குளித்துறை மணலிலேயே கிடைக்கிறது.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அக்கடற்கரைக்கு வந்தார். மொழி தெரிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியோடு ஊர் முழுதும் சுற்றிச் சிறுவரையும் பெரியவரையும் கூட்டி, நாளுக்கு இருமுறையாக ஒரு திங்கள் கற்பித்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் சபைத் தோழர்களுக்கு எழுதிய மடலில் இதை விவரிக்கும் அவர், குறிப்பிடத்தக்க ஒரு செய்தியையும் சொல்கிறார். பள்ளியில் கற்றதைப் பிள்ளைகள் தம் தந்தைக்கும் தாய்க்கும் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்க வேண்டும் என்று அவர் பணித்திருந்தார். தமிழ் மண்ணில் நடந்த வீட்டுப் பாடத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளுள் இதுவும் ஒன்று. இதிலுள்ள தலைகீழ் முறையை நாம் கவனிக்க வேண்டும். பிள்ளை வீட்டுக்குப் போய் எழுதவில்லை, சொன்னது. பெற்றோர் சரிபார்க்கவில்லை, கேட்டனர், கேட்டுக் கற்றனர். எழுத்தறியாத பரதவர் குடிசையில் ஏழெட்டு வயதுச் சிறுவன் அன்று மாலை ஆசிரியனாய் அமர்ந்தான்.

பின்வந்த நூல்களும் வாய்க்காகவே அமைந்தன. என்றிக்கே என்றிக்கசு அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கச் சிறு நூல். மறு ஆண்டு கொச்சியில் வெளிவந்த 'கிரீசித்தியானி வணக்கம்' ஆசிரியன் வினவ மாணாக்கன் விடை கூறும் முறையில் அமைந்தது. வினாவும் விடையும் இருந்தால் இரண்டு பேர் வேண்டும். தனியே மூலையில் அமர்ந்து அதைப் படித்து முடிக்க இயலாது.

இம்முறை கிறித்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. நம் திண்ணைப் பள்ளிகள் நெடுங்காலமாக இவ்வாறே இயங்கின. டாக்டர் உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தில் அந்நாள்களை விரித்துரைத்திருக்கிறார். விடியுமுன் பிள்ளைகள் பள்ளிக்கு வந்து முதல் நாள் பாடத்தை ஒப்பிப்பார்கள். எண்சுவடியின் வாய்பாடுகள் அனைத்தும் நாவிலேயே குடியிருந்தன. மாலையில் வீடு திரும்புமுன் ஆசிரியர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயரோ, பறவையின் பெயரோ, ஊரின் பெயரோ சொல்லியனுப்புவார். மறக்காமல் வந்து மறுநாள் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகும் சுமை ஒரு பூவின் பெயர்! இன்று முதுகை வளைக்கும் பைகளைக் காணும்போது நமக்கு ஏக்கம் வராமல் போகாது. ஆனாலும் பழமையை முழுதும் போற்றிவிட முடியாது. பிரம்பும் கோதண்டமும் அங்கேதான் இருந்தன. பல சாதியாருக்கு அத்திண்ணைகள் எட்டாதவை. ஆளுநர் தாமசு மன்றோ 1826-இல் எழுதிய குறிப்பில், சென்னை மாகாணப் பள்ளிகளில் பயின்ற 1,88,650 பேருள் பெண்கள் 4,540 பேரே. அதே குறிப்பில், சென்னை நகரில் வீட்டிலேயே கற்பிக்கப்படுவோர் 26,963 பேர் என்றும், இது அங்குப் பள்ளி செல்வோரைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்றும் காண்கிறோம். இக்கணக்கில் பிழையிருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார். எனினும், வீடும் ஒரு கல்விக்கூடம் என்பது அந்நாளில் யாருக்கும் புதுமையாகத் தோன்றவில்லை.

இயேசு சபையார் 1599-இல் வெளியிட்ட கல்வி ஒழுங்கிலும் மனப்பாடத்தைக் கேட்க ஆள் உண்டு. ஒவ்வொரு சிறு குழுவுக்கும் ஒரு மாணவத் தலைவன் நியமிக்கப்பட்டு, மற்றவர் ஒப்பிப்பதைக் கேட்பான். நம் திண்ணையில் அவனே சட்டாம்பிள்ளை. எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளின் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் நம் வழக்கத்தைக் கண்டு கைக்கொண்டதோடு, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்து, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார்.

காகிதம் மலிந்து, குறிப்பேடும் எழுத்துத் தேர்வும் பெருகியபோது, வீட்டுப் பாடம் ஊமையாயிற்று. ஒலித்த பாடம் எழுதப்படும் பாடமானது. எழுத்தறிந்தவரே அதைச் சரிபார்க்க இயலும். இங்குதான் அநீதி நுழைந்தது. காமராசர் முதல்வராயிருந்த 1954 முதல் 1963 வரையிலான ஆண்டுகளில் சிற்றூர் தோறும் பள்ளிகள் திறந்து, மதிய உணவும் கிடைத்தபோது, குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தைக் கண்ட பிள்ளைகள் திரளாக வந்து சேர்ந்தனர். அவர்தம் குறிப்பேட்டைப் பார்க்க வீட்டில் யார் இருந்தார்? படித்த வீட்டுப் பிள்ளை தந்தையின் உதவியோடு வந்து பாராட்டுப் பெற்றது. களத்துமேட்டிலிருந்து வந்த பிள்ளை வெற்றேட்டோடு நின்று அடி வாங்கியது. அந்த அடி உண்மையில் அதன் பெற்றோரின் வறுமைக்கு விழுந்த அடி.

இதன் மிகுதியைக் கட்டுப்படுத்த உலகெங்கும் முயன்றிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 1901-இல் பதினைந்து வயதுக்கு உட்பட்டோருக்கு வீட்டுப் பாடம் கூடாதென்று சட்டமே இயற்றி, 1917-இல் விலக்கிக்கொண்டனர். நம் நாட்டில் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989-இல் மாநிலங்களவையில் புத்தகப் பையின் சுமையைப் பற்றிப் பேசினார். யஷ்பால் குழு 1993-இல் தந்த அறிக்கை, தொடக்க வகுப்புகளில் வீட்டுப் பாடமே வேண்டாம், சுற்றுப்புறத்தை ஆராயும் பணி மட்டும் போதும் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் முதலிரு வகுப்புகளுக்கு அதைத் தடை செய்தது. 2020-இன் தேசியப் பள்ளிப் பைக் கொள்கை 3 முதல் 5 வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி, 6 முதல் 8 வரை நாளுக்கு 1 மணி, அதற்கு மேல் நாளுக்கு 2 மணி என வரம்பு கட்டியது. நல்லவை, வேண்டியவை. எனினும் சட்டம் நேரத்தை அளக்குமேயன்றிப் பிள்ளையின் அருகில் வந்து அமராது. அமர வேண்டியவர் நாமே.

அமர்வதற்குப் பட்டம் தேவையில்லை. நாள்தோறும் ஒரே நேரம், ஒரே இடம். அது மேசையாக இருக்க வேண்டுமென்பதில்லை, பாயும் போதும். விளையாடிக் களைத்து வந்து, முகம் கழுவி, எதையாவது உண்டபின் தொடங்கட்டும். அந்நேரம் தொலைக்காட்சியும் கைப்பேசியும் பெரியவர்களுக்கும் ஓய்வு கொள்ளட்டும். தந்தை கைப்பேசியில் மூழ்கியிருந்து பிள்ளையை மட்டும் நூலில் மூழ்கச் சொல்வது நடவாத காரியம். கடினமான கணக்கு முதலில், எளிதானது பின்னர். ஐயம் நீங்காத கேள்வியைக் குறித்துவைத்து மறுநாள் ஆசிரியரிடம் கேட்கப் பழக்க வேண்டும். பிள்ளைக்குப் பதிலாக நாமே எழுதிக் கொடுக்கும் வழக்கமும், செயல்திட்டத்தைக் கடையில் வாங்கி அனுப்பும் புது வழக்கமும் ஒழியவேண்டும். அதற்குக் கிடைக்கும் மதிப்பெண் கடைக்காரருக்கு உரியது. பையைப் படுக்குமுன் பிள்ளையே அடுக்கிவைத்தால் காலைப் பூசலில் பாதி குறையும்.

எழுதி முடித்தபின், அடுப்படியில் கீரை ஆயும் தாயிடமோ, திண்ணையில் வெற்றிலை இடிக்கும் பாட்டியிடமோ பிள்ளை வந்து, அன்று கற்றதைத் தன் சொற்களில் சொல்லட்டும். பாட்டிக்கு எழுத்துத் தெரியாமலிருக்கலாம். பிள்ளை எங்கே தடுமாறுகிறது, எங்கே புரியாமல் விழுங்குகிறது என்பதைக் குரலிலேயே அவள் கண்டுகொள்வாள். "அது ஏனப்பா அப்படி?" என்று அவள் கேட்கும் கேள்விக்கு விடை தேடிப் பிள்ளை மீண்டும் நூலைத் திறக்கும்.