சல்லடையும் கண்ணும்

எங்கள் காயல்பட்டினம் முத்து வியாபாரத்தில் வளர்ந்த ஊர். இந்தக் கரையில் முத்துக்களைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதலாவதில் 20 துளைகள், கடைசியில் 1000. சல்லடை பருமனைச் சொல்லும். உருட்சியையும் ஒளியையும் கண்தான் சொல்லவேண்டும். அதற்கும் ஒருவர் கண் போதாது.

புகைப்படத்துக்கும் இது பொருந்தும். சென்னையில் 1850களில் அலெக்ஸாண்டர் ஹன்ட்டர் என்ற மருத்துவர் புகைப்பட ஆர்வலர்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார். இங்குள்ள வெக்கையில் ரசாயனம் கெடும்; ஒருவர் கண்ட பக்குவம் மற்றவருக்கு அவசியமாயிற்று. அமெச்சூராகத் தொடங்கிய ராணுவ அதிகாரி லின்னேயஸ் ட்ரைப், பிறகு ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரரானார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 பிரதிகளாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். 1859இல் கவர்னராக வந்த ட்ரெவெல்யனுக்கு இம்முயற்சி ஆடம்பரமாகப் பட்டது. வேலை நின்றுபோயிற்று.

ட்ரெவெல்யன் கையில் இருந்தது செலவுக் கணக்கு என்ற சல்லடை. அமெச்சூர்கள் தமக்குள் பேசும்போதும் பெரும்பாலும் சல்லடைதான் பேசுகிறது: என்ன லென்ஸ், என்ன ஷட்டர் வேகம். இவை தெரியவேண்டியவைதான். ஆனால் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, இதில் ஒளி இல்லை என்று சொல்லும் நண்பன் அபூர்வம். நம் கவிதைகளுக்கும் அப்படிப்பட்ட நண்பர்கள் அதிகமில்லை என்றே நினைக்கிறேன்.