கடல் காப்பகமும் ஈட்டி மீன்பிடியும்

ஈட்டி மீன்பிடி என்பது மூழ்கிச் சென்று, மீனைக் கண்ணால் தேர்ந்து குத்தும் முறை. வலைபோல் வந்ததையெல்லாம் வாருவதில்லை. ஆனால் பெரிய மீனே முதல் இலக்கு. பாறைப் பொந்தை விட்டு அதிகம் நகராத களவா எளிதில் சிக்கும். களவா இனங்கள் பலவும் முதலில் பெண்ணாக முதிர்ந்து, நன்கு வளர்ந்த பிறகே ஆணாகின்றன. பெரியவற்றையே எடுத்துக்கொண்டிருந்தால் ஆண் மீன்கள் அருகி, இனப்பெருக்கமே தடுமாறும்.

இப்படி இடம்விட்டு அதிகம் நகராத மீன்களுக்கு, மீன்பிடி தடைசெய்யப்பட்ட சிறிய காப்பகமும் உதவும். நியூசிலாந்தின் லீ பகுதியில் 1975இல் அமைந்த காப்பகத்தில் பெரிய ஸ்னாப்பர் மீன்கள் வெளியே உள்ளதைவிடப் பல மடங்கு பெருகின. அவையும் பெரிய சிங்கி இறால்களும் கடல் முள்ளெலிகளைத் தின்றதால், மொட்டையாகக் கிடந்த பாறைகளில் கடற்பாசிக் காடு மீண்டும் தழைத்தது.

தமிழகத்தில் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது: 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். அதற்கு முன்பே பவளம் வெட்டியதில் கரைகள் அரிக்கப்பட்டு, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி தீவுகள் பின்னர் மூழ்கின. மீனுக்கு வீடான பவளப்பாறையே போனால் ஈட்டியைத் தடுத்து என்ன பயன்?

2016இல் அங்கே கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது காப்பக எல்லை அதைத் தடுக்கவில்லை. பாசி சேகரித்துப் பிழைக்கும் மீனவப் பெண்களுக்கோ, தீவுகளுக்குச் செல்லத் தடை என்பது வருமான இழப்பு. அவர்களையும் சேர்த்துத் திட்டமிடுவதே நியாயம்.