வட்டத்தொட்டியும் திறந்த சன்னலும்

கவிதை செவிக்குரியது என வாழ்ந்து காட்டியவர் ரசிகமணி டி.கே.சி. (1882–1954). திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் இல்லத்துத் தொட்டிக்கட்டில் அன்பர்கள் கூடிய அவையே 'வட்டத்தொட்டி' எனப் பெயர் பெற்றது. பிற்காலத்தில் அது குற்றாலத்தில் தொடர்ந்தது. சொல் செவியில் தெளிவாய் விழ, குரலோடு இடமும் இசைய வேண்டும். இவ்வுண்மை கணக்காக வடிவெடுத்த வரலாறு கடல் கடந்தது.

1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் புதிய சொற்பொழிவுக் கூடத்தில் பேச்சு விளங்கவில்லை. எழுந்த ஒலியின் முழக்கம் ஐந்தரை விநாடி நின்று, அடுத்த சொற்களை விழுங்கிற்று. குறை தீர்க்கப் பணிக்கப்பெற்ற வாலஸ் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியர், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொணர்ந்து பரப்பினார். ஆர்கன் குழலை ஒலித்து, முழக்கம் அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக்கூட முழக்கம் குறைந்தது. ஒலியை உறிஞ்சும் ஆற்றலுக்கு அவர் கொண்ட அளவுகோல் திறந்த சன்னல்; அதன்வழிச் சென்ற ஒலி திரும்புவதில்லை. வானம் பார்த்த நம் தொட்டிக்கட்டு முற்றமும் அத்தகைய பெருஞ்சன்னலே! அவர் கண்ட கணக்கு 1900இல் பாஸ்டன் இசையரங்கிற்கு வழிகாட்டியது; இன்றைய ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் அடிப்படையாய் நிற்கிறது.

பத்தாண்டு நிறைவில் நம் மூத்த கவிஞர்களின் குரலைப் பதிந்து வைப்பது நம் கடன். கூடம் வாய்க்கட்டும் என நாம் காத்திருக்கலாம், குரல்கள் காத்திரா. இலவம்பஞ்சு மெத்தையும் கனத்த சமுக்காளமும் சுவரோரம் சார்த்திய ஓர் அறை போதும். ஆயினும் மெத்தை அறையின் முழக்கத்தை அடக்குமேயன்றி, வெளியே விழும் அருவியின் ஓசையைத் தடுக்காது. ஆகவே, சாரற்காலத்தில் குற்றாலத்தில் கூடிக் கேட்போம். தென்காசியில் கதவடைத்துப் பதிவோம்.